சொல்லறிந்தால் சூதறியலாம்

வீட்டிற்குப் பூட்டு இன்றியமையாதது. ஆயினும், திருடனின் இனிய பேச்சை நம்பி, உள்ளிருப்பவரே சாவியைக் கொடுத்துவிட்டால் பூட்டினால் பயன் என்ன? இணையவழி மோசடிகள் பல இவ்வாறே நிகழ்கின்றன.

பெங்களூரு தகவல் தொழில்நுட்பத்தால் புகழ்பெற்ற நகரம். இணையக் குற்றங்களுக்கென இந்தியாவின் முதல் காவல் நிலையம் 2001ஆம் ஆண்டில் இங்குதான் தொடங்கப்பட்டது. எனினும், இந்நகரில் கற்றறிந்தவர்களும் தம் சேமிப்பை இழக்கின்றனர். புரியாத சொல் ஒன்றைக் கேட்டு அஞ்சுவதும் அதற்கு ஒரு காரணமாகும்.

‘ஃபிஷிங்’ என்னும் சொல், மீன்பிடித்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் எழுத்தை மாற்றி உருவாக்கப்பட்டது. வங்கி அனுப்பியது போன்ற பொய்ச்செய்தி இரை. அதிலுள்ள இணைப்பு தூண்டில் முள். ‘மால்வேர்’ என்பது கைப்பேசியில் புகுந்து தகவல்களைத் திருடும் அல்லது அழிக்கும் தீநிரல். ‘ஓ.டி.பி.’ என்பது ஒருமுறை மட்டுமே பயன்படும் கடவுச்சொல். வங்கியிலிருந்து பேசுவதாகக் கூறுபவரிடமும் அதனைச் சொல்லலாகாது. யு.பி.ஐ. இரகசிய எண் பணம் செலுத்தப் பயன்படுவது. பணம் பெறுவதற்குத் தேவையில்லை.

இவற்றினும் கொடியது ‘டிஜிட்டல் கைது’. காவல் அதிகாரியைப் போலக் காணொலி அழைப்பில் தோன்றும் ஒருவர், அறையை விட்டு வெளியேறக் கூடாது, எவரிடமும் பேசக் கூடாது என மிரட்டிப் பணம் பறிப்பார். இந்தியச் சட்டத்தில் இத்தகைய கைதே இல்லை. பிரதமர் நரேந்திர மோடி 2024 அக்டோபரில் தம் வானொலி உரையில் இதனைத் தெளிவுபடுத்தினார்.

இச்சொற்களைக் கணினி வகுப்பில் கற்றால் போதாதா எனச் சிலர் வினவலாம். போதாது. பெங்களூருவில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் பாட்டிக்கும் தாத்தாவிற்கும் தமிழே நன்கு விளங்கும். ஆனால், அவர்களின் கைப்பேசிக்கு ஆங்கிலத்திலும் இந்தியிலும் கன்னடத்திலும் செய்திகள் வருகின்றன. அவற்றைப் படித்துச் சொல்பவர் பேரப்பிள்ளையே. ‘ஃபிஷிங்’ என்று கூறினால் பாட்டிக்கு விளங்காது. ‘இது தூண்டில், தொடாதீர்கள்’ என்றால் உடனே விளங்கும். எனவே, இச்சொற்களைத் தமிழில் விளக்கக் கற்பதும் மொழிக்கல்வியின் பகுதியே.

ஏமாந்தவரைப் பழித்தல் தகாது. பழிக்கு அஞ்சுபவர் இழப்பை மறைப்பார், காலம் கடக்கும். 1930 என்னும் உதவி எண்ணில் உடனே முறையிட்டால், பணம் கைமாறும் முன் தடுக்க வாய்ப்புண்டு. ஆகவே, முதியோர் அச்சமின்றித் தம் ஐயத்தைக் கேட்கக்கூடிய இல்லமே பாதுகாப்பான இல்லம்.