கொறடா

சட்டமன்றத்தில் கட்சி உத்தரவைச் சொல்பவருக்கு வச்சிருக்கிற பேர் கொறடா. கொறடான்னா சாட்டை. தஞ்சைப் பண்ணைகளில் நம்ம சனங்க முதுகில் விழுந்ததே, அதேதான். புதுச்சேரியின் 30 தொகுதிகளில் 5 தனித்தொகுதி, கிருமாம்பாக்கத்துக்கு ஏம்பலம். அங்கே ஜெயிச்சுப் போகிறவர் சேரி மனைப்பட்டாவுக்காகக் கட்சியை மீறி ஓட்டுப் போட்டால்? 1985இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டப்படி பதவியே பறிபோகலாம்.

‘சபாநாயகர் நாற்காலியிலேயே உங்காளு உட்கார்ந்தாரே’ என்பார்கள். உட்கார்ந்தார்தான். 1946இல் சென்னையில் சிவசண்முகம் பிள்ளை, 1998இல் மக்களவையில் பாலயோகி. பெருமைதான், மறுக்கல. ஆனால் இரு பக்கமும் சமமாக நின்றால்தான் அந்த நாற்காலிக்கு ஓட்டு. முன்வரிசை, பின்வரிசைச் சண்டை அப்புறம். நிலம், வன்கொடுமை பற்றிய வாக்கெடுப்பில் தனித்தொகுதி உறுப்பினர் மீது கொறடா பாயக்கூடாது. இதைச் சட்டமாக்கச் சொல்லிக் கேட்போம் தோழர்களே.