மயங்கி விழுந்த பிள்ளைக்கு ஓர் இ.சி.ஜி.

ஓட்டப் பந்தயத்தின் நடுவே பிள்ளை மயங்கி விழுகிறது; கைகால்கள் வெட்டி இழுக்கின்றன. வீட்டார் வலிப்பு என்றே எண்ணுகின்றனர். மருத்துவர்களாகிய நாங்களும் சில வேளைகளில் அவ்வாறே எண்ணிவிடுகிறோம். ஆனால் சிலருக்குக் கோளாறு மூளையில் இல்லை, இதயத்தில் இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் வலிப்பு மாத்திரை உண்டும் அவர்களுக்கு ஆபத்து நீங்குவதில்லை.

இதயச் செல்களின் சவ்வில் அயனிகள் சென்றுவரும் நுண்ணிய வழிகள் உள்ளன. சோடியம் உள்ளே பாயும்போது துடிப்புக்கான மின்தூண்டல் எழுகிறது. பொட்டாசியம் வெளியேறும்போது செல் அடுத்த துடிப்புக்கு ஆயத்தமாகிறது. பிறவியிலேயே பொட்டாசிய வழி பழுதுபட்டிருந்தால் இந்த மீட்சி தாமதமாகும், இ.சி.ஜி.யில் 'கியூடி' இடைவெளி நீண்டு தெரியும். ஓட்டம், நீச்சல், அச்சம், திடீர் ஒலி ஆகியவற்றின்போது துடிப்பு தாறுமாறாகி மயக்கம் வரும், உயிரும் போகலாம்.

ஆகவே, மயங்கி விழுந்த எவருக்கும் வலிப்பு மருந்தைத் தொடங்குமுன் இ.சி.ஜி. எடுக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. வலியின்றிச் சில நிமிடங்களில் முடியும் சோதனை அது. ஒருமுறை இயல்பாக இருந்தாலும், ஐயம் நீடித்தால் மீண்டும் எடுக்க வேண்டும்.

குடும்பத்தில் இளவயதில் திடீரென இறந்தவரோ, நீந்தத் தெரிந்தும் நீரில் மூழ்கியவரோ இருந்தால் மறவாமல் கூறுங்கள். நோய் உறுதியானால் பெற்றோருக்கும் உடன்பிறந்தோருக்கும் சோதனை தேவை. எரித்ரோமைசின் போன்ற சில மருந்துகளும் பொட்டாசிய வழியை அடைக்கும். ஆதலால் மருத்துவரைக் கேளாமல் கடையில் எதையும் வாங்கி உட்கொள்ளலாகாது. பீட்டா பிளாக்கர் மாத்திரையை நாள் தவறாமல் உட்கொண்டால் பெரும்பாலோர் நலமுடன் வாழலாம்.