வெட்டுவதற்காக அச்சிடப்பட்ட பக்கங்கள்

பத்திரிகையை நேசிப்பவர் அதைப் பாதுகாப்பார் என்பது நம்மிடையே உள்ள பொதுவான நம்பிக்கை. பழைய இதழ்களை வரிசைப்படுத்தி, பைண்டு செய்து, கரையானிடமிருந்தும் உறவினரிடமிருந்தும் காப்பாற்றி வைப்பவரையே நல்ல வாசகர் என்கிறோம். ஆனால் கத்தரிக்கோல் பட்டால்தான் முழுமையாக வாசிக்கப்பட்டது என்று சொல்லத்தக்க இதழ் ஒன்றும் உண்டு. போலந்தில் 1957ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'மாவி மொடெலாஷ்' அத்தகையது. 'சிறிய மாதிரிக் கலைஞன்' என்று அதன் பெயரை மொழிபெயர்க்கலாம். விமானம், கப்பல், பீரங்கி வண்டி ஆகியவற்றின் உறுப்புகள் தட்டையாக்கப்பட்டு, எண்ணிடப்பட்டு அதன் பக்கங்களில் அச்சாகியிருக்கும். வெட்டி, மடித்து, ஒட்டினால் பக்கம் பொருளாக எழுந்து நிற்கும். பிளாஸ்டிக் மாதிரிகள் எளிதில் கைக்கு எட்டாத ஒரு நாட்டில், காகிதமே பொம்மைக் கடையாகவும் பட்டறையாகவும் இருந்தது. விமானங்களுக்கு 1:33 என்ற அளவு வழக்கமானதும் அந்த மரபில்தான்.

இக்கலையைப் பற்றி நாம் சொல்ல விரும்புவது இரண்டு. ஒன்று, காகிதத்திற்கு உகந்தவை போர் விமானங்கள் அல்ல, சிறிய இலகுரக விமானங்களே. மற்றது, இப்பக்கங்கள் வெட்டப்பட வேண்டும்.

முதலாவதற்கான காரணம் கணிதத்தில் இருக்கிறது. காகிதம் ஒரு நேரத்தில் ஒரு திசையில் மட்டுமே வளையும். உருளையாகும், கூம்பாகும், கோளமாகாது. உரித்த ஆரஞ்சுத் தோலைக் கிழியாமல் தட்டையாக விரிக்க முடியாது என்பது எல்லோரும் அறிந்தது. அதன் காரணத்தை 1827இல் காஸ் நிறுவினார். போர் விமானத்தின் கண்ணாடிக் கூண்டும் இறக்கை உடலைச் சந்திக்கும் வளைவும் ஒரே சமயத்தில் இரு திசைகளில் வளைபவை. அவற்றைக் காகிதத்தில் செய்ய, பூவிதழ்களைப் போலக் கீற்றுகளாக நறுக்கி இணைக்க வேண்டியிருக்கிறது. எவ்வளவு கவனமாக ஒட்டினாலும் தையல் தெரியும்.

பைப்பர் ஜே-3 கப் விமானத்தை எடுத்துக்கொள்வோம். 1938 முதல் 1947 வரை ஏறத்தாழ இருபதாயிரம் செய்யப்பட்டன. எஃகுக் குழாய்களால் ஆன சட்டம், அதன்மேல் இழுத்துக் கட்டிய துணி, 65 குதிரைத்திறன் எஞ்சின். வெற்று எடை சுமார் 345 கிலோ. இழுத்துக் கட்டிய துணியும் காகிதத்தைப் போலவே நடந்துகொள்கிறது. எனவே உடலின் பக்கங்கள் தட்டையானவை. இறக்கை ஒரே திசையில் வளைந்தது. பிளாஸ்டிக்கில் வார்த்த கப் துணியைப் போலப் பாசாங்கு செய்கிறது. காகிதக் கப்பில் மெல்லிய உறை ஒன்று சட்டங்களின்மேல் போர்த்தப்பட்டிருக்கிறது, மூலத்தில் இருப்பதைப் போலவே. 10.74 மீட்டர் இறக்கை 1:33 அளவில் முப்பத்திரண்டரை சென்டிமீட்டராகிறது. மேசையில் நிறுத்த ஏற்ற அளவு.

வேலை சுலபம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். காகிதத்திற்கு இழை ஓட்டம் உண்டு. அதற்கு இணையாக உருட்டினால் பணியும், குறுக்கே உருட்டினால் முறியும். மடிக்கும் முன் மை தீர்ந்த பேனா முனையால் கோடு இழுத்துக்கொள்ள வேண்டும். வெட்டிய விளிம்பின் வெண்மை கண்ணை உறுத்தும். நீர்வண்ணத்தால் அதை மறைக்க வேண்டும். கப்பின் மூக்கில் இருபுறமும் துருத்தி நிற்கும் நான்கு சிலிண்டர்களுக்குச் சிறு வட்டங்களை வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். உள்சட்டம் அரை மில்லிமீட்டர் கோணினால் அது வால்வரை போய்ச் சேரும். இறுதியில் எது ஒட்டவில்லையோ, அதன் காரணம் முதல் நாள் வேலையில் இருக்கும்.

இருந்தும் காகித மாதிரிகளின் பட்டியல்களைப் புரட்டினால் பெரும்பாலும் போர் விமானங்களும் டாங்கிகளுமே கண்ணில் படுகின்றன. இதை நாம் ஓர் இழப்பாகவே கருதுகிறோம். கப் விமானமும் எல்-4 என்ற பெயரில் போருக்குப் போய் வேவு பார்த்ததுதான். ஆயினும் சாதாரண மக்களுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்ததற்காகவே அது நினைக்கப்படுகிறது. அழித்த எண்ணிக்கையால் மட்டும் இயந்திரங்களை நினைவில் வைப்பது வரலாற்றைப் பாதியாக வாசிப்பதாகும்.

போலந்திலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. வார்சா தொழில்நுட்பக் கல்லூரியின் மாணவர்களாக ஒன்றுசேர்ந்த ரோகல்ஸ்கி, விகூரா, ஜெவியெட்ஸ்கி ஆகிய மூவரின் முதலெழுத்துகளைத் தாங்கியவை ஆர்.டபிள்யூ.டி. விமானங்கள். அவற்றுள் ஆறாவது மாதிரியில் மூன்றே கட்டப்பட்டன. 1932 ஆகஸ்டில் சர்வதேசச் சுற்றுலா விமானப் போட்டியில் ஃபிரான்ச்சிஷெக் ஜ்விர்கோ விமானியாகவும், வடிவமைத்தவர்களில் ஒருவரான ஸ்தனிஸ்வாவ் விகூரா துணையாகவும் அதில் பறந்து வென்றார்கள். இரண்டு வாரங்களில், செப்டம்பர் 11 அன்று, பிராக் நோக்கிச் செல்லும் வழியில் செர்லிட்ஸ்கோ அருகே புயலில் சிக்கி, அதே விமானத்தோடு இருவரும் மாண்டனர். அவர்கள் வென்ற ஆகஸ்ட் 28 போலந்தில் விமானப்படை நாளாக நினைவுகூரப்படுகிறது. அந்த விமானம் இனி எந்த அருங்காட்சியகத்திலும் நிற்க முடியாது. அதன் இறக்கை பதினொரு மீட்டர். 1:33 அளவில் சரியாக ஒரு பள்ளி அளவுகோலைவிடச் சற்றே நீளம். அழிந்துபோன ஒன்றை அந்த அளவிலாவது மேசைமேல் நிறுத்திப் பார்ப்பதைப் பொழுதுபோக்கு என்ற ஒரு சொல்லால் ஒதுக்கிவிட நமக்கு மனமில்லை.

இங்குதான் நமது இரண்டாவது கருத்துக்கு வருகிறோம். பழைய இதழ்களை வெட்டாமல் வைத்திருக்கும் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். வெட்டாத பிரதிக்கே விலை அதிகம். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஒரு பிரதியாவது முழுமையாக எஞ்ச வேண்டும் என்பதில் நியாயம் உண்டு. ஆனால் இன்று ஸ்கேனரும் பிரிண்டரும் இருக்கின்றன. ஒரு பக்கத்தை வெட்டினால் அது என்றென்றைக்குமாக இல்லாமல் போகும் என்ற அச்சத்திற்கு இடமில்லை. வடிவமைத்தவருக்கு உரியதைக் கொடுத்து வாங்கிய கோப்பைச் சற்றுத் தடித்த காகிதத்தில் எத்தனை முறையும் அச்சிட்டுக்கொள்ளலாம். சக்கரம் கெட்டால் சக்கரத்தை மட்டும் மீண்டும் அச்சிடலாம்.

தடை நீங்கியபின் நடந்தது என்ன? கோப்புகள் சேர்கின்றன, விமானங்கள் எழுவதில்லை. வாங்கி அடுக்கிய, பிரிக்கப்படாத புத்தகங்களின் கதைதான் இதுவும். நூறு வடிவங்களைக் கணினியில் வைத்திருப்பவருக்கும், ஒன்றைச் சற்றுக் கோணலாகவேனும் கட்டி முடித்தவருக்கும் உள்ள தூரம், நூற்பட்டியலை மனப்பாடமாக அறிந்தவருக்கும் ஒரு நாவலைக் கடைசிப் பக்கம் வரை படித்தவருக்கும் உள்ள தூரம். பின்னவருக்கே இறக்கை ஏன் அந்த இடத்தில் தாங்கப்பட்டிருக்கிறது, சட்டங்கள் ஏன் அவ்வளவு நெருக்கமாக நிற்கின்றன என்பது கைவழியாகத் தெரியும். வரைபடத்தைப் பார்ப்பதால் மட்டும் அந்த அறிவு வருவதில்லை.

தொடங்க விரும்பும் நண்பர்களுக்கு நமது பரிந்துரை எளியது. உடலின் மேல் ஒரே இறக்கையும் தட்டையான பக்கங்களும் கொண்ட ஒரு சிறு விமானத்தைத் தேர்ந்தெடுங்கள். கூர்மையான கத்தி, எஃகு அளவுகோல், வெள்ளைப் பசை போதும். பக்கத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டு, தயங்காமல் வெட்டுங்கள்.