சாய்வது குற்றமல்ல, தெரிந்தே பொய் சொல்வதுதான் குற்றம்!



"அமெரிக்காக்காரன் டிவியிலேயே சொல்லிவிட்டான், பொய்யாகவா இருக்கும்?" என்று கேட்கும் பெரியவர்கள் நம் சங்கத்தில் உண்டு. "எல்லாச் செய்தியும் காசுக்குப் பேசுவதுதான், எதையும் நம்பாதே" என்று கையை உதறும் இளைஞர்களும் உண்டு. இரண்டுமே தவறு. முதலாமவர் ஏமாறுகிறார். இரண்டாமவர் ஏமாற்றுகிறவனுக்கே வேலையை எளிதாக்கிக் கொடுக்கிறார்.

நான் ரயில்வேயில் கணக்கு எழுதுகிறவன். கணக்கில் தவறு வரும். வந்தால் அடித்து, திருத்தி, பக்கத்தில் கையெழுத்துப் போடுவோம். ஆனால் வராத பணத்தை வந்ததாக எழுதினால் அதற்குப் பெயர் தவறல்ல, மோசடி. செய்திக்கும் இதே அளவுகோல்தான்.

2020 நவம்பரில் அமெரிக்க அதிபர் தேர்தல் நடந்தது. ரூபர்ட் முர்டோக் 1996இல் தொடங்கிய ஃபாக்ஸ் நியூஸ் குடியரசுக் கட்சிப் பக்கம் சாய்ந்த நிறுவனம். அது ஊரறிந்த சேதி. அப்படியிருந்தும், அரிசோனா மாநிலம் பைடனுக்கே என்று மற்றவர்களுக்கு முன்னால் அறிவித்தது அந்த நிறுவனத்தின் தேர்தல் கணிப்புப் பிரிவுதான். கணக்கும் சரியாகவே இருந்தது. ஆனால் டிரம்ப் ஆதரவாளர்கள் கொதித்தார்கள். வேறு சேனலுக்கு ஓடத் தொடங்கினார்கள்.

பிறகு என்ன நடந்தது? டொமினியன் நிறுவனத்தின் வாக்கு எந்திரங்கள் டிரம்பின் ஓட்டைத் திருடின என்ற கட்டுக்கதை திரும்பத் திரும்ப ஒளிபரப்பானது. டொமினியன் வழக்குப் போட்டது. நீதிமன்றத்துக்கு வந்த கடிதங்களும் குறுஞ்செய்திகளும் குட்டை உடைத்தன. அந்தக் கதையைப் பரப்பியவர்களைப் பெரிய தொகுப்பாளர்களே தங்களுக்குள் கேலி செய்திருக்கிறார்கள்! டிரம்பின் பேச்சு பொய் என்று எழுதிய சொந்த நிருபரையே வேலையை விட்டுத் தூக்கச் சொல்லியிருக்கிறார் டக்கர் கார்ல்சன். காரணம்? கம்பெனியின் பங்கு விலை சரிகிறதாம்!

அரிசோனா முடிவைச் சரியாக அறிவித்த பிரிவில் இருந்த அரசியல் ஆசிரியர் 2021 ஜனவரியில் வேலை இழந்தார். "மறுசீரமைப்பு" என்றது நிர்வாகம். ஆட்குறைப்புக்கு முதலாளிகள் சூட்டும் இந்தப் பெயர் நமக்குப் புதிதா?

2023 ஏப்ரல் 18 அன்று, விசாரணை தொடங்கும் வேளையில், 78 கோடியே 75 லட்சம் டாலர் கொடுத்து ஃபாக்ஸ் சமரசம் செய்துகொண்டது. டொமினியன் மீது சொன்னவை பொய் என்று நீதிபதி அதற்கு முன்பே தீர்ப்பளித்திருந்தார். பணம் போனது. ஆனால் நேயர்களைப் பார்த்து, திரையில் ஒரு வார்த்தை மன்னிப்பு உண்டா? இல்லை!

எதிர்ப்பக்கம் மட்டும் யோக்கியமா என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 2004 தேர்தல் நேரத்தில் அதிபர் புஷ்ஷின் காவற்படைப் பணி பற்றி, உண்மைத்தன்மை உறுதியாகாத காகிதங்களை வைத்து சிபிஎஸ் செய்தி வெளியிட்டது. பெரும் பிழை. ஆனால் அது திரையிலேயே வருத்தம் தெரிவித்தது; வெளியாரை வைத்து விசாரித்து அறிக்கையை வெளியிட்டது; நால்வர் பதவி இழக்க நேர்ந்தது. அடித்துத் திருத்திக் கையெழுத்துப் போட்ட கணக்கு அது.

பின்னாளில் ஜனநாயகக் கட்சிப் பக்கம் சாய்ந்த எம்எஸ்என்பிசி 2003இல் செய்தது என்ன? ஈராக் போருக்குச் சில வாரங்கள் முன்பு, போரை எதிர்ப்பவர்களுக்கு இடம் கொடுத்த ஃபில் டொனஹியூவின் நிகழ்ச்சியை நிறுத்தியது. அந்தச் சேனலில் அதிகம் பேர் பார்த்த நிகழ்ச்சி அது! அந்நாளில் அதன் உரிமையாளர்களில் ஒன்றான ஜெனரல் எலெக்ட்ரிக், போர் விமான எஞ்சின் செய்யும் நிறுவனம். போரும் நடந்தது. பேரழிவு ஆயுதக் கிடங்கு அகப்படவில்லை. செத்த மக்கள் திரும்பவில்லை.

இரு தரப்புக்கும் இடம் தரவேண்டும் என்று 1949இல் ஒரு விதி வகுத்தார்கள். அதைச் சட்டமாக்க 1987இல் காங்கிரஸ் முயன்றபோது அதிபர் ரீகன் தடுத்தார். அதே ஆண்டில் விதியும் கைவிடப்பட்டது. ஆனாலும் தோழர்களே, அந்த விதி மீண்டும் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். இரு பக்கத்துக்கும் நாற்காலி போட்டுவிட்டு, இரண்டிலும் பொய்யனை உட்கார வைக்க முடியுமே!

நமக்கும் பக்கம் உண்டு. நாம் தொழிலாளி பக்கம், அதை மறைத்ததில்லை. ஆகவே எவன் எந்தப் பக்கம் என்பதோடு நின்றுவிடாதீர்கள். இரண்டு கேள்வி கேளுங்கள். தவறியபோது, தவறிய இடத்திலேயே நின்று திருத்துகிறானா? உண்மை சொன்ன தன் வேலைக்காரனைக் காப்பாற்றுகிறானா, வீட்டுக்கு அனுப்புகிறானா?

இந்த இரண்டு கேள்வியையும் நம் ஏட்டிடமும் கேளுங்கள். பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்!