மண்ணின் பொறையும் மாந்தர் கடனும்

பொறுமைக்கு நிலத்தை உவமை கூறுதல் தமிழ்ப் புலவர் மரபு. அவ்வுவமையின் பொருத்தத்தை இக்கால விஞ்ஞானமும் வலியுறுத்துகின்றது. நிலத்திற் சிந்திய மண்ணெண்ணெயையும் டீசலையும் உணவாகக் கொள்ளும் பற்றீரியாக்கள் மண்ணிலேயே வாழ்கின்றன. சூடோமோனாசு, உரோடோகொக்கசு முதலிய இனங்கள், தம் நொதியங்களின் துணையால் ஐதரோக்காபன் மூலக்கூற்றில் ஒட்சிசனைப் புகுத்துகின்றன. பின்னர் அதனைப் படிப்படியாகச் சிதைத்து, ஈற்றில் நீராகவும் காபனீரொட்சைட்டாகவும் ஆக்கிவிடுகின்றன.

மண் தன்னைத் தானே தூய்தாக்கிக்கொள்ளுமெனில் நாம் அஞ்சுவானேன் என்று சிலர் வினவக்கூடும். அதற்கு விடை அலாஸ்காவின் கடற்கரையிற் கிடைக்கின்றது. 1989 மார்ச் 24ஆம் நாள் எக்ஸன் வால்டெஸ் என்னுங் கப்பல் பாறையில் மோதியதால் ஏறத்தாழ 4 கோடி லீற்றர் மசகெண்ணெய் கடலிற் கலந்தது. எண்ணெய் படிந்த கரைகள் பலவற்றில் நைதரசனும் பொசுபரசும் கொண்ட உரம் இடப்பட்டது. எண்ணெயிற் காபன் மிகுதி. உயிர் வளர்ச்சிக்கு வேண்டிய ஏனைய சத்துக்களோ அரிது. அக்குறை நீங்கவே, அக்கரைகளில் இயல்பாக வாழ்ந்த பற்றீரியாக்கள் விரைந்து தொழிற்பட்டன. ஆயினும், 2001இல் அகழ்ந்து நோக்கியபோது கற்களின் அடியில் எண்ணெய் எஞ்சியிருந்தது. காற்றுச் செல்லாத இடத்தில் அவற்றின் தொழில் தளர்ந்துவிடுகின்றது.

இவ்வுண்மை யாழ்ப்பாணக் குடாநாட்டார் கருத்தூன்றத்தக்கது. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த செய்தியை நாடறியும். அங்குள்ள அனல் மின்னிலையத்தை நடத்திய நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்தவேண்டுமென உயர் நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. குடாநாட்டு நிலத்தடி நீர் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தங்குவது. அதன் மேலுள்ள மண்படை பலவிடத்தும் மெல்லியது. அப்படையைக் கடந்த எண்ணெய், பற்றீரியாக்கள் செறிந்த மேன்மண்ணை நீங்கி ஆழஞ் சென்றுவிடும். ஆங்கு ஒட்சிசன் குறைவு. அலாஸ்காவிற்போல உரமிடலாமோவெனின், அது குடிநீரில் நைத்திரேற்றைச் சேர்ப்பதாய் முடியும். கிணறுகள் பலவற்றில் அது முன்னரே மிகுந்துள்ளது.

ஆதலின், எண்ணெய் மேன்மண்ணில் நிற்கும்போதே செயற்படுதல் வேண்டும். நனைந்த மண்ணை உடன் அகழ்ந்தெடுத்து, நீர் கீழிறங்காத தளத்திற் பரப்பி, ஈரமும் அளவான உரமும் இட்டு, அடிக்கடி கிளறிக் காற்றூட்டினால் பற்றீரியாக்கள் தம் பணியைச் செவ்வனே ஆற்றும். அதனினும் நன்று சிந்தாமற் காத்தல். வாகனந் திருத்துமிடங்களிற் கழிவெண்ணெயை நிலத்தில் ஊற்றும் வழக்கத்தை விலக்குதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. மாணாக்கர்க்கு இதனை எடுத்துரைத்தல் ஆசிரியர் கடன்.

மன்று இழப்பீடு பெற்றுத் தரும்; கிணற்றின் பழைய நீரைத் தருதல் அதற்கும் இயலாது. நிலத்தின் பொறை பெரிது. அதன் எல்லையை அறிந்து நடத்தலே அந்நிலத்து நீரை உண்போர்க்கு அழகு.