பயன் கேட்போரும் விலை கேட்போரும்

அணுவின் உள்ளீட்டை ஆய்வதால் ஏழைக்கு என்ன பயன் என்று வினவுவோர் எந்நாட்டிலும் உளர். பசித்தவன் வினவின் அதில் அறமுண்டு. ஆய்வுக்குக் காசு ஈய மனமில்லா ஆட்சியாளர் அவ்வினாவைக் கேடயமாக ஏந்துங்கால், மறுமொழி கூறியே ஆகவேண்டும்.

அமெரிக்க அணுக்குண்டு ஆக்கத்தில் பங்கு கொண்டவர் இராபர்ட்டு வில்சன். போர் முடிந்த மறு ஆண்டே, 1946இல், மேலையர் புரோட்டான் என்றழைக்கும் நேர்மின்னியால் புற்றுநோயைத் தாக்கலாம் என எழுதினார். ஊடுகதிர் கட்டியைத் தாக்குவதோடு நில்லாது, முன்னும் பின்னுமுள்ள நல்லுறுப்புகளையும் ஊறுபடுத்திச் செல்லும். நேர்மின்னியோ தன் விரைவுக்கேற்ற ஆழத்தில் நின்று, அங்கேயே ஆற்றலின் பெரும்பகுதியைக் கொட்டிவிடும், அப்பாற் செல்லாது. வளரும் குழந்தையின் மூளையில் கட்டி தோன்றுங்கால் இவ்வேறுபாடு சிறிதன்று.

1954இல் பெர்க்கிலியில், துகளாய்வுக்கென அமைந்த முடுக்கியிலேயே முதல் நோயர்க்கு இக்கதிர் செலுத்தப்பட்டது. 1990இல் கலிபோர்னியாவின் லோமா லிண்டா மருத்துவமனையில் இயங்கத் தொடங்கிய முடுக்கியை உருவாக்கித் தந்தது, வில்சன் முதல் இயக்குநராக இருந்து வளர்த்த பெர்மி ஆய்வகமே.

நோயைக் காட்டுங் கருவியின் வரலாறும் அத்தகையதே. திராக்கின் சமன்பாட்டின்வழி உய்த்துணரப்பட்ட பாசிட்ரான் என்னும் எதிர்த்துகளை 1932இல் ஆண்டர்சன் விண்கதிரில் கண்டார். அன்று அதனால் ஒரு நோயும் தீரவில்லை. இன்றோ, கதிரியக்கப் புளோரின் ஏற்றிய சருக்கரையை உடலிற் செலுத்துகின்றனர். பசிமிக்க புற்று உயிரணுக்கள் அதனை மிகுதியாக உட்கொள்கின்றன. அதிலிருந்து வெளிப்படும் பாசிட்ரான், எதிர்மின்னியோடு மோதி அழிய, இரு கதிர்கள் எதிரெதிர்த் திசையிற் பாய்கின்றன. சுற்றியுள்ள கருவிவளையம் அவற்றைக் கொண்டு நோயின் இடத்தைக் காட்டுகின்றது.

2019இல் சென்னைத் தனியார் மருத்துவமனையொன்றில் நேர்மின்னிப் பண்டுவம் தொடங்கிற்று. அதற்குப் பல இலக்கம் உருவா வேண்டும். எல்லாப் புற்றுக்கும் இது தேவையன்று. ஊடுகதிரே போதுமான நோயர் மிகப் பலர். ஆனால், தேவையானவன் ஏழையாயின் யாது செய்வான்? நவி மும்பையில் அரசு சார்ந்த டாட்டா நினைவு மையம் 2023இல் இப்பண்டுவத்தைத் தொடங்கியது. அரசு முனைந்தால் இயலும் என்பதற்கு அதுவே சான்று.

அம்முடுக்கிகளை எழுப்பியதில் மக்களின் வரிப்பணத்துக்கும் பங்குண்டு. அவ்வறிவின் கனியும் மக்களுக்கே உரியது. விதைக்கும்போது பயன் கேட்பதும், கனிந்தபின் விலை கேட்பதும் ஒரு நச்சுமரத்தின் இரு கிளைகளே. இரண்டையும் வெட்டுக!