சொட்டும் குழாய்

குளியலறை ஷவர்க் குழாய் இரவெல்லாம் சொட்டுகிறது. "பழையது கெட்டுவிட்டது, புதியது வாங்கலாம்" என்பார் வீட்டில் ஒருவர். இஃது அவசர முடிவு. திருகு குழாய் சொட்டுவது பெரும்பாலும் உள்ளிருக்கும் ரப்பர் வாஷர் தேய்ந்ததனால்தான். அதன் விலை சில ரூபாயே.

நொடிக்கு ஒரு சொட்டு எனில் நாளொன்றுக்கு 86,400 சொட்டுகள். 20 சொட்டுகளை ஒரு மில்லிலிட்டராகக் கொண்டால் நான்கு லிட்டருக்கும் மேல். கோடையில் தண்ணீர் லாரிக்குக் காத்துநிற்கும் தில்லியில் இது சிறிய அளவன்று.

வேலையும் கடினமன்று. முதலில் குழாய்க்கு நீர் வரும் வால்வை மூடவேண்டும் (மறந்தவர் உடையோடு குளிப்பார்!). பின்பு கைப்பிடியைக் கழற்றி, ஸ்பானரால் மேற்பகுதியைத் திருகியெடுத்து, அதே அளவுள்ள புதிய வாஷரைப் பொருத்தலாம். பெரியவர் துணையுடன் மாணவரும் இதைச் செய்யலாம். கால் சுற்றில் திறக்கும் புதுவகைக் குழாயில் மட்டும் உள்ளுறுப்பையே முழுதாக மாற்றுதல் வேண்டும். குழாயே வெடித்திருந்தால் புதியது வாங்குவது தகும்.

"மாற்றலாகிப் போகப்போகும் வீட்டுக்கு இதெல்லாம் எதற்கு?" என்று கேட்போர் அலுவலர் குடியிருப்புகளில் உண்டு. முன்பு குடியிருந்தவரும் அவ்வாறே எண்ணிச் சென்றதனால்தான் அக்குழாய் இன்றும் சொட்டிக்கொண்டிருக்கிறது.